சொன்னால்தான் எழும்

ஃபில்டா கருவாட்டை முகர்ந்து பார்ப்பதில்லை. சாக்கின் வாயைப் பிரித்து அடிவரை கையை விட்டு ஒரு பிடி அள்ளுவாள். காதோரம் கொண்டுபோய் நொறுக்குவாள். சருகு மிதிபடுவதுபோலச் சத்தம் வந்தால் சாக்கு இறங்கும். வராவிட்டால், லாரிக்காரன் தன் தாய்மேல் சத்தியம் செய்தாலும் சாக்கு லாரியிலேயே இருக்கும். "மூக்கை ஏமாத்திடலாம் தம்பி, காதை ஏமாத்த முடியாது" என்பாள் என்னிடம். லாரிக்காரனிடம் அதையும் சொல்வதில்லை. கையைத் தட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வாள்.

குலு நகரத்திலிருந்து வடக்கே போகிற சாலையில் எங்கள் ஊர்ச் சந்தை. அவள் பலகைக்கும் என் கடைக்கும் நடுவே ஒரு தகரம்தான். நான் நகல் எடுப்பவன்; அடையாள அட்டைக்கு ஒட்டுகிற சின்னப் படமும் எடுப்பேன். கறுத்துப்போன நகல்களை அவளுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். ஊரில் பாதிப் பேருடைய ஞானஸ்நானச் சான்றிதழும் நில மனுவும் அவள் மீனைச் சுற்றிக்கொண்டு வீடு போயிருக்கின்றன.

நாற்பதைத் தொட்டிருப்பாள். நெடிய உடம்பு. காலையில் பலகையைத் துடைத்தால் விளக்கு வைக்கிற வரை நின்றுகொண்டே விற்பாள். ஒரு முக்காலி இருக்கிறது. அது வாங்க வருகிறவர்களுக்கு. முழங்காலில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அளக்கும் டின்னின் அடியை நசுக்கி வைத்திருக்கவில்லை என்பதை வருகிற ஒவ்வொருவருக்கும் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் அளப்பாள். கொசுறு கேட்டால் வாய் திறக்கும். "ஞாயித்துக்கிழமை காணிக்கைத் தட்டு வர்றப்ப இந்த வாய் எங்க போகுது?"

அவள் கையிலிருந்து எதையும் நேராக வாங்காத பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். "பலகையில வை" என்பார்கள். வைப்பாள். அவள் காட்டிலிருந்து வந்தவள். பதினொரு வயதில் கிளர்ச்சிப் படையினர் கொண்டுபோனார்கள், இருபதில் வந்தாள். காட்டில் பெற்ற இரண்டும் காட்டிலேயே போய்விட்டன. இதற்குமேல் அவள் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்பதும் இல்லை. அண்ணன் ஒச்சோரா வாசலில் முட்டை வைத்து அவளை மிதிக்கச் செய்துதான் வீட்டுக்குள் அழைத்தான். காட்டில் ஒட்டிக்கொண்டது அதோடு போய்விடும் என்பது முறை. மறுநாளே அண்ணன் மனைவி அவளுக்கென்று ஒரு குவளையைத் தனியாக எடுத்து வைத்தாள். "முட்டையை மிதிச்சேன். முட்டைதான் உடைஞ்சுது" என்பாள் ஃபில்டா. இரண்டு வருடம் பொறுத்துவிட்டுச் சந்தைக்குப் பின்னால் ஒரு வாடகை அறைக்கு வந்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் நாய்க்குப் பெயர் வைத்தால் அதில் அண்டை வீட்டுக்கு ஒரு சேதி இருக்கும். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பெயராக வைத்துவிட்டுத் தெருவில் நின்று உரக்கக் கூப்பிடுவார்கள். அப்பாவின் நிலத்தில் ஒரு மூலை வேண்டும் என்று ஃபில்டா கேட்ட வருடம், அண்ணன் மனைவி ஒரு குட்டி வாங்கி அதற்குப் 'பங்கு கிடையாது' என்று பெயர் வைத்தாள். சந்தை நாளில் கருவாட்டுப் பலகையைத் தாண்டும்போது அவள் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். "பங்கு கிடையாது! ஏய், பங்கு கிடையாது! எங்க ஓடுறே, வா இங்க!" ஃபில்டா யாருக்காவது டின்னைக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டிருப்பாள்.

ஏழு வருடங்களுக்கு முன் குலுவிலிருந்து அட்யேரோ என்ற பெண் மோட்டார் சைக்கிளில் வந்தாள். காட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஆளுக்கொரு நாய் கொடுத்து, அதைப் பழக்கவும் கற்றுக்கொடுக்கிற திட்டம் ஒன்று இருக்கிறதாம். நாய் பக்கத்தில் இருந்தால் மனசு நிலைகொள்ளும் என்றாள். சந்தையே சிரித்தது. "எனக்கு ஒரு ஆடு குடுங்கம்மா, என் மனசு இன்னும் நல்லா நிலைகொள்ளும்" என்றான் செருப்புத் தைக்கிறவன்.

ஃபில்டா மட்டும் சிரிக்கவில்லை. லாரி டயர் வெடித்தால் அவள் கையிலிருந்து டின் விழும். பிறகு கொஞ்ச நேரம் நாங்கள் யாரும் அவள் கண்ணுக்குத் தெரியமாட்டோம். மீன் கொட்டிக் கிடக்கும், ஆள் நின்றுகொண்டிருப்பாள், ஆனால் அங்கே இருக்கமாட்டாள். அவள் போய்ப் பெயர் கொடுத்தாள். செம்மண் நிறத்தில் ஒரு பெட்டைக் குட்டி வந்தது. ஒரு காது மடிந்தது. அதற்கு 'லோக் பே தும்' என்று பெயர் வைத்தாள். பேச்சு தீராது என்று அர்த்தம். அடுத்த சந்தை நாளில் அண்ணன் மனைவி தன் நாயைக் கூப்பிட்டாள். இங்கிருந்து ஃபில்டா தன் நாயைக் கூப்பிட்டாள். "பங்கு கிடையாது!" "பேச்சு தீராது!" "பங்கு கிடையாது!" "பேச்சு தீராது!" வெங்காயக்காரி சிரித்துச் சிரித்துக் கூடைமேலேயே சாய்ந்துவிட்டாள்.

பிள்ளை பெற்றவளை எங்கள் ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். இன்னாருடைய அம்மா என்பதுதான் மரியாதை. பெயர் சொல்லப் பிள்ளை இல்லாத ஃபில்டாவை அன்றிலிருந்து 'நாய்க்கம்மா' என்றார்கள். "நாய்க்கம்மா, ரெண்டு டின் போடு." அவள் முறைக்கவில்லை. போட்டாள்.

கருவாட்டுக் கடையில் நாய் என்றால் பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். முதல் வாரமே லோக் ஒரு புகைமீனை முழுசாக விழுங்கிவிட்டுத் தெருவெல்லாம் வாந்தி எடுத்தது. வாடிக்கை குறைந்தது. "நாய் நக்கின மீனா தர்றே?" என்று ஒருத்தி வாங்கியதைத் திருப்பிக் கொட்டிவிட்டுப் போனாள். நாயை விடவேண்டும், இல்லாவிட்டால் கடையை விடவேண்டும். அட்யேரோ அப்போதுதான் பாய்ப் பாடத்தைச் சொன்னாள். ஒரு பாயை விரி. அதில் போய்ப் படுக்க வை. நீ சொல்லும்வரை அது எழக்கூடாது.

ஃபில்டா தான் படுக்கிற நாணல் பாயைக் கத்தியால் குறுக்கே இரண்டாக அறுத்தாள். ஒரு பாதி பலகைக்கு அடியில் வந்தது. மறுபாதியில் அன்றிலிருந்து அவள் படுத்தாள். காலை நீட்டினால் மண்ணில்தான் கிடந்திருக்கும்.

'உட்கார்' என்று சொல்லித்தான் தொடங்கவேண்டும் என்றாள் அட்யேரோ. அட்யேரோ இரண்டு முறை சொல்லிக்காட்டினாள்.

"அந்த வார்த்தை என் வாயில வராது" என்றாள் ஃபில்டா.

"ஏன்க்கா? நாய்க்குச் சொல்றதுதானே?"

"அவங்க வந்தப்ப அதைத்தான் சொன்னாங்க. பள்ளிக்கூடத்து வாசல்ல. 'எல்லாரும் உட்காருங்க'ன்னாங்க. சொன்ன பேச்சு கேக்குற பிள்ளைங்க நாங்க, உட்கார்ந்தோம். ஓடுனவங்க சாயங்காலமே வீடு போய்ச் சேர்ந்துட்டாங்க."

தகரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நகல் பாதியில் நின்றது. நான் அதை இழுத்து எடுக்கவில்லை.

கடைசியில் அவள் தேர்ந்த சொல் 'வீடு'. "வீடு" என்றால் நாய் பாய்க்குப் போகவேண்டும். எழுப்புவதற்கு இன்னொரு சொல் வேண்டும். சந்தையில் யாரும் தற்செயலாகச் சொல்லிவிடாத சொல்லாக இருக்கவேண்டும் என்றாள் அட்யேரோ. ஃபில்டா "அபேர்" என்றாள். பெண் குழந்தைக்கு வைக்கிற பெயர் அது. யார் பெயர் என்று அட்யேரோவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பழக்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். லோக் பாயில் ஒரு காலை வைத்தால் ஒரு கருவாட்டுத் தலை. நாலு காலும் வைத்தால் இன்னொன்று. படுத்தால் ஒன்று, தாடையைப் பாயில் வைத்தால் ஒன்று. கொடுப்பதெல்லாம் பாயில், இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவே மட்டும். பாய்க்கு வெளியே விழுவது அதனுடையதல்ல. முதலில் பத்து எண்ணும் நேரம், அப்புறம் நூறு. முதலில் அவள் பக்கத்தில் நின்றாள். அப்புறம் முதுகைக் காட்டினாள். அப்புறம் தண்ணீர்க் குழாய்வரை போய் வந்தாள். எழுந்து வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டாள். கழுத்தைத் தொட்டு நடத்திக்கொண்டுபோய்த் திரும்பப் பாயில் விடுவாள். ஒருநாளில் அறுபது முறை விட்டதை நான் எண்ணியிருக்கிறேன். செருப்புத் தைக்கிறவன் ஒரு குச்சியை நீட்டினான். "ரெண்டு போடு, தானா கிடக்கும்."

"கிடக்கும். அது படுக்கிறது இல்ல, பயந்து கிடக்கிறது. எனக்கு வித்தியாசம் தெரியும்" என்றாள். குச்சியை வாங்கி முறித்து அடுப்புக்கென்று வைத்துக்கொண்டாள்.

கடைசிப் பாடம் அடுத்தவன் குரல். அதற்கு என்னைக் கேட்டாள். "தம்பி, நீங்க கூப்பிடுங்க. நல்லா ஆசை காட்டிக் கூப்பிடுங்க." நான் ஆட்டெலும்போடு நின்று கூப்பிட்டேன். முதல் வாரம் ஓடிவந்தது. மூன்றாம் வாரம் பாதி எழுந்து படுத்தது. நான் விட்டேனா? சுட்ட ஈரல் வாங்கிவந்தேன், சீட்டியடித்தேன், தரையில் உருண்டேன். எழுப்புகிற சொல்லையே அவள் குரலை நடித்துச் சொல்லிப் பார்த்தேன்: "அபேர், அபேர்." நாலாம் மாதத்தில் அது கண்ணைச் சிமிட்டுவதோடு சரி. அதன் தலை என் பக்கம் திரும்பும், பார்வை என்னைத் தாண்டி அவளைத் தேடும். பொய்யாக ஆசை காட்டிக்கொண்டே இருக்கக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் அந்த ஈரலை என்னையே பாயில் வைக்கச் சொல்வாள், முன்னங்கால்களுக்கு நடுவே. தோற்றதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் கேட்டேன், "ஏன்க்கா, சொன்ன பேச்சு கேட்டு உட்கார்ந்துதானே நீங்க மாட்டிக்கிட்டீங்க. இதை ஏன் இப்படிப் பழக்குறீங்க?"

கோபப்படுவாள் என்று நினைத்தேன். மீனைப் புரட்டிக்கொண்டே சொன்னாள், "நான் திரும்பி வந்து எழுப்புவேன்ல? எங்களை யாரு வந்து எழுப்பினா?"

அதன்பிறகு ஐந்து வருடம் லோக் அந்தப் பாயில் கிடந்தது. தலைக்கு மேலே மூன்று சாக்குக் கருவாடு. அது ஒரு தலையைத் தொட்டதில்லை. பக்கத்து ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். டயர் வெடித்தால் ஃபில்டா "அபேர்" என்பாள், நாய் எழுந்து வந்து அவள் பாதத்தின்மேல் மொத்தப் பாரத்தையும் போட்டு நிற்கும், அவள் திரும்ப எங்களிடம் வந்துவிடுவாள். டின் விழுவது நின்றுபோனது. அட்யேரோ சான்றிதழ் கொடுத்தாள். நாயும் அவளுமாகப் படம் எடுத்துப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தவன் நான். வெறிநாய்த் தடுப்பூசி அட்டைக்கும் ஒரு நகல் எடுத்து, "தொலைச்சுடுவீங்க, என்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்" என்று கோப்பில் போட்டுவைத்தேன்.

சென்ற வருடம் மழைக்கு முன்னால் பக்கத்துக் கிராமத்தில் நாய் கடித்து ஒரு பள்ளிச் சிறுமி இறந்துபோனாள். அந்தக் குழந்தை தண்ணீரைக் கண்டு அலறியதை எங்கள் ஊரிலேயே சிலர் பார்த்திருந்தார்கள். பயப்பட்டது தப்பில்லை. ஊர் மன்றத்திலிருந்து உத்தரவு வந்தது: கட்டிப்போடாத நாய் எதுவானாலும் கொல்லப்படும். எண்பது நகல் எடுத்தவன் நான்தான். சூடு ஆறாத ஒரு தாளைத் தகரத்துக்கு மேலாக நீட்டி அவளுக்குப் படித்தும் காட்டினேன்.

"கயிறா?" என்றாள். "எதுக்கு? பாயை விட்டு எழுமா என் பிள்ளை?"

"உத்தரவுல அப்படித்தான்க்கா போட்டிருக்கு. பேருக்கு ஒரு கயிறு கட்டிடுங்களேன்."

அவள் கை தன் இடுப்பைச் சுற்றி ஒருமுறை தடவிக்கொண்டது. காட்டுக்கு நடத்திக்கொண்டு போனவர்களை இடுப்போடு இடுப்பாகச் சேர்த்துக் கட்டித்தான் நடத்தினார்கள். அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். "கயிறு வேணாம் தம்பி" என்றாள். நான் மறுபடி சொல்லவில்லை.

அந்த வாரமே வியாழக்கிழமை அண்ணன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஒச்சோராவின் மகளைப் பெண் கேட்டு வருகிறார்களாம். அத்தை இல்லாமல் எப்படி? பதினெட்டு வருடத்தில் முதல் அழைப்பு. ஃபில்டா தோள் உயர்ந்த பட்டுக் கவுனை எங்கிருந்தோ எடுத்தாள். இடுப்புப் பட்டையைத் தானே கட்டிக்கொள்ள வரவில்லை. வெங்காயக்காரி கட்டிவிட்டாள், கையால் தொட்டு. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நாயோடு போய் நிற்க முடியுமா? பாயைத் தட்டி விரித்து, "வீடு" என்றாள். லோக் போய்ப் படுத்தது. பக்கத்தில் தண்ணீர் வைத்தாள்.

"மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன் தம்பி. ஒரு கண்ணு வச்சுக்கங்க."

"போயிட்டு வாங்கக்கா. கலக்குங்க" என்றேன். நடக்கும்போது பட்டு சரசரத்தது. அவள் சிரித்துக்கொண்டு போனதை நான் பார்த்தது அன்றுதான்.

பதினொரு மணிக்கு மன்றத்து வண்டி வந்தது. இறங்கிய மூன்று பேரில் ஒருவன் ஒகேனி, எங்கள் ஊர்க்காரன்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் ஃபில்டாவிடம் மீன் வாங்குகிறவன். கையில் ரப்பர் கையுறை, பக்கெட்டில் விஷம் தடவிய கறித்துண்டுகள். கூட வந்த புத்திசாலிகள் முதல் காரியமாகத் தகர டின்னைத் தட்டிக்கொண்டு கம்போடு ஓடினார்கள். சந்தையில் இருந்த அத்தனை நாயும் ஒரே ஓட்டமாகச் சோளக்காட்டுக்குள் போய்விட்டது. 'பங்கு கிடையாது' வாலைக் கால்நடுவே செருகிக்கொண்டு என் கடை வாசலைத் தாண்டித்தான் ஓடியது.

மிஞ்சியது ஒன்று.

"யாரு நாய் இது?" என்றான் ஒகேனி.

"தெரியாத மாதிரி கேக்குறியே. ஃபில்டாக்கா நாய். ஊசி போட்டிருக்கு. கழுத்துல வில்லை இருக்கு பாரு."

"கயிறு எங்க?"

"அதுக்குக் கயிறு எதுக்கு? பாயை விட்டே எழாது."

"கட்டாத நாய்னுதானே தாள்ல இருக்கு. நகல் எடுத்தது நீதானே, படிக்கலையா?"

ஒரு துண்டை எடுத்துப் பாய்க்கு ஒரு முழம் தள்ளிப் போட்டான். லோக் பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒகேனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாருங்கடா, நோன்பிருக்கிற பாதிரியார் மாதிரி முகத்தைத் திருப்புது!"

நான் "அபேர்!" என்று கத்தினேன். அது காதை உயர்த்தியது. "அபேர்! அபேர், எழுந்திரு!" வால் பாயில் இரண்டு தரம் அடித்தது. வழக்கம்போல என்னைத் தாண்டி அவளைத் தேடியது. அது எங்கள் பழைய விளையாட்டு என்று நினைத்திருக்கும்.

தூக்கியிருக்கலாம். அரைச் சாக்குக் கருவாட்டு எடைகூட இருக்காது. இரண்டு எட்டு வைத்துக் குனிந்து தூக்கிக்கொண்டு கடைக்குள் போயிருக்கலாம். எனக்கு ஊசி அட்டையின் நினைப்புத்தான் வந்தது. நான் தாளில் பிழைக்கிறவன். "இரு, இரு, அட்டை காட்டுறேன்" என்று உள்ளே ஓடிக் கோப்புகளைக் கொட்டினேன். மூன்றாவது கோப்பில் இருந்தது. வெளியே வந்தபோது ஒகேனி அந்தத் துண்டைக் கம்பால் தள்ளிப் பாய்மேல் ஏற்றியிருந்தான், இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவே. அந்த இடத்துக்கு வருவது அதனுடையது. அது சாப்பிட்டு முடித்திருந்தது.

ஒகேனி அட்டையை வாங்கி ஒளிபடப் பிடித்துப் படித்தான். "தேதி சரியாத்தானே இருக்கு. இதை முன்னாடியே காட்டியிருக்கலாமே" என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டான் என்றுதான் நினைக்கிறேன். பிறகு நடந்ததை எழுதவேண்டாம்; அரைமணி நேரத்துக்குக் குறைவாகத்தான் இருந்தது. உதறலில் பின்னங்கால்கள் இரண்டும் பாய்க்கு வெளியே போய்விட்டன.

ஃபில்டா நாலு மணிக்கு வந்தாள். கையில் வாழையிலைப் பொட்டலம். விருந்து ஆட்டின் எலும்பு. வெங்காயக்காரி எழுந்து நின்றதைப் பார்த்தே நடையைக் குறைத்துக்கொண்டாள். பலகைக்கு முன்னால் வந்து நின்று கீழே பார்த்தாள். பொட்டலத்தை மீன்மேல் வைத்தாள். பிறகு மிகச் சாதாரணமான குரலில், தினமும் கடை கட்டும்போது சொல்கிற மாதிரி, "அபேர்" என்றாள். ஒரே ஒருமுறை.

என் பக்கம் திரும்பினாள். "கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன்க்கா."

"எழலையா?"

"எழலை."

தலையை ஆட்டினாள். "நல்லாத்தான் பழக்கியிருக்கேன்" என்றாள்.

புதைக்க இடம் வேண்டும். வாடகை அறையின் சொந்தக்காரன் தன் முற்றத்தில் கூடாது என்றுவிட்டான். அண்ணன் நிலத்தை நான் நினைத்தேன், சொல்லவில்லை. சந்தைக் கழிப்பிடத்துக்குப் பின்னால் சாலையோரத்தில் நானும் செருப்புத் தைக்கிறவனும் தோண்டினோம். பாதிப் பாய் அதைச் சுற்றப் போதுமானதாக இருந்தது. பட்டுக் கவுன் புழுதியில் இழுபட, அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"இவ்ளோ நேரமாயிடுச்சேக்கா, விருந்து பெருசோ?" என்று கேட்டான் செருப்புத் தைக்கிறவன்.

"தெரியல. நான் பார்க்கல. நான் போனவுடனே ஒச்சோரா வந்து, காட்டுல இருந்தவ வீட்டுல இருக்கான்னு அவங்களுக்குத் தெரியவேணாம், நீ பின்னால அடுப்பங்கரையில இரு, நான் வந்து சொல்றவரைக்கும் வெளிய வராதேன்னான். களி கிண்டுறதுக்கு ஆள் பத்தலையாம்." மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பத்து மணிக்கே சட்டியைக் கழுவி வச்சாச்சு. அவங்க மூணரைக்குத்தான் போனாங்க."

"அதுவரைக்கும்?"

"இருந்தேன்."

செருப்புத் தைக்கிறவன் மண்வெட்டியை ஓங்கினான்.

நாய் போனபின் யாரும் அவளை 'நாய்க்கம்மா' என்று கூப்பிடுவதில்லை. மரியாதையாகத்தான் நிறுத்திக்கொண்டார்கள். இப்போது வெறும் ஃபில்டா. அண்ணன் மனைவியின் நாய் சோளக்காட்டிலிருந்து இரண்டாம் நாளே திரும்பிவிட்டது. சந்தை நாளில் அந்தக் கூப்பாடு பழையபடி கேட்கிறது. இந்தப் பக்கமிருந்து பதில் இல்லை. ஒகேனி ஒரு வெள்ளிக்கிழமை விட்டு அடுத்த வெள்ளி வந்தான். எல்லோருக்கும்போல டின்னைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, எல்லோருக்கும்போலத் தலைதட்டி அளந்துபோட்டாள். அவன் கையை நீட்டினான். அவள் பொட்டலத்தைப் பலகையில் வைத்தாள்.

என்னிடம் முன்போலவே பேசுகிறாள். கறுத்த நகல் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறாள். ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லி எதையும் விட்டுப்போவதில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் போனால்கூடச் சாக்கைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போகிறாள். டின் மறுபடி விழத் தொடங்கியிருக்கிறது.

சென்ற வாரம் அட்யேரோ வந்தாள். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி. அதில் மூக்கில் வெள்ளைக் கோடு போட்ட கறுப்புக் குட்டி. குற்ற உணர்வோடு அதிகமாகப் பேசினாள். மன்றத்துக்கு எழுதியிருக்கிறார்களாம், இனி வில்லை போட்ட நாயைத் தொடமாட்டார்களாம், அடுத்த மாதம் தலைநகரிலிருந்து பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். "உங்களை மாதிரி பாய்ல பழக்குறதுக்கு யாரும் இல்லக்கா. ஒரு மாசத்துல கத்துக் குடுத்துட மாட்டீங்களா?"

"பாய் இல்ல" என்றாள் ஃபில்டா.

"நான் புதுசு வாங்கித் தர்றேன்."

 ஃபில்டா குட்டியைத் தூக்கிப் பல்லைப் பார்த்தாள், வயிற்றை அழுத்திப் பார்த்தாள், இறக்கிவிட்டு ஒரு கருவாட்டுத் தலையை நசுக்கிப் போட்டாள். அது தின்றது. தின்றுவிட்டு, வெயிலுக்குப் பலகை நிழலில் அவள் பாதத்தோரம் சுருண்டு படுத்துக் கண்ணை மூடியது. அட்யேரோ என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஃபில்டா காலை உயர்த்தி அதன் தலைமாட்டில் ஓங்கித் தரையில் மிதித்தாள். குட்டி வீறிட்டு எழுந்து வெங்காயக் கூடைகளைத் தாண்டி ஓடியது. ஐயோ என்று பின்னால் ஓடப்போன அட்யேரோவின் கையை அவள் பிடித்து நிறுத்தினாள். மறு கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, அது எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.